சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

சேலம்
ஆடி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள சினேகிதிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. மேலே ஏற்காட்டில் நீங்கள் கம்பளியை விட்டு வெளியே வராமல் இருக்கிறீர்கள். இங்கே ஆடிக் காற்று செவ்வாய்ப்பேட்டைப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து கடைக்குள் கொட்டுகிறது. மருந்து அடுக்குகளைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுகிறது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியாயிற்று. சின்னவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சாப்பாடுதான் பிடிக்கவில்லையாம். உன் மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றிப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கடையில் இருக்கிறதே என்று வலி மாத்திரையை நீயே எடுத்துக் கொடுத்துவிடாதே. இருபது வருஷமாகச் சுகர் இருக்கிற உடம்பு. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்ட் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடு. உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் சொந்த வீட்டில்தான் நாம் அசந்துபோகிறோம்.

மருந்துக் கடைப் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுசாக எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். அதற்கு முன்னால், இத்தனை வருஷமாக உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பே அதிலிருந்துதான் வந்தது.

நான் கடை வைத்த மூன்றாவது வருஷம். குகைப் பகுதியிலிருந்து ஓர் அம்மா மாதாமாதம் வருவார். மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற இன்சுலின் பாட்டில், அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சு, தினமும் காலை 20 யூனிட். ஒரு மாதம் சிவப்பு மூடி கைவசம் இல்லை. கடையில் நல்ல கூட்டம். ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆரஞ்சு மூடியில் இருக்கிற கோடுகள் மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு அடித்தவை. 40 யூனிட் பாட்டிலில் இருந்து அதில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். மூன்று வாரத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. டாக்டர் 20ஐ 30 ஆக்கினார். சிரிஞ்சு மாறியது அவருக்கு எப்படித் தெரியும்? 30ஆம் கோடு வரை இழுத்தும் அந்த அம்மாவுக்குப் போனது 12 யூனிட்தான். அடுத்த மாதம் சிவப்பு மூடி வந்தது. வழக்கமாக வாங்குவது இதுதானே என்று அதையே கொடுத்தேன். மறுநாள் காலை 12 போன இடத்தில் நிஜமான 30 யூனிட் ஏறியது.

பதினோரு மணிக்கு வாசல்படியில் விழுந்து கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் எழுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து அவருடைய மருமகள் கடைக்கு வந்து, ஒரு கையில் சிவப்பு மூடியும் ஒரு கையில் ஆரஞ்சு மூடியுமாக நீட்டி, “அக்கா, இது ரெண்டும் ஒண்ணுதானுங்களா?” என்று கேட்டாள். சண்டை போட வரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் வந்தாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அந்த அம்மா அப்புறமும் ஆறு வருஷம் என் கடைக்கேதான் வந்தார்.

பான்டிங்கும் பெஸ்ட்டும் 1921இல் டொரான்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்ததை நீயும் நானும் விடிய விடிய உருப்போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பத்துக்கு ஒன்பது மார்க்கும் வாங்கினோம். இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை தண்ணீர் இழுத்துப் பார்த்திருந்தால் குகை அம்மா விழுந்திருக்க மாட்டார். என் வகுப்பில் முதல் நாள் அந்த ஒன்றுதான் நடக்கும்.

கடை மாடியில்தான் வகுப்பு. சில வாரம் எட்டுப் பேர், சில வாரம் பன்னிரண்டு. டி.பார்ம் முடித்துப் புதிதாகக் கவுன்ட்டரில் நிற்கிற பிள்ளைகள், இரண்டு பி.பார்ம், அப்புறம் பில் போடுகிற பையன்களும் வருவார்கள். படிக்காதவர்களை ஏன் சேர்க்கிறாய் என்று கேட்டார்கள். மருந்தை எடுத்துக் கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு என்று 1948 பார்மசி சட்டம் சொல்வது சரிதான். ஆனால் பாட்டி முதலில் வாயைத் திறப்பது பில் போடுகிற பையனிடம்தான். “காலைல இருந்து கிறுகிறுன்னு வருதுப்பா” என்று அவனிடம் சொல்லும்போது அதைக் காதில் வாங்கி உள்ளே மருந்தாளுநரைக் கூப்பிட அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பழைய பாட்டிலில் ஊற்றி, சிவப்பிலும் ஆரஞ்சிலும் 20ஆம் கோடு வரை இழுக்கச் சொல்வேன். இழுத்ததை இரண்டு வெள்ளைக் கிண்ணத்தில் விடச் சொல்வேன். ஒன்றில் அரை மில்லி, நன்றாகத் தேங்கி நிற்கும். இன்னொன்றில் அடி நனைகிற அளவு. போன மாதம் ஒரு பையன் இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் போன வாரம் ஒருத்தருக்கு மாத்திக் குடுத்துட்டேன்னு நினைக்கிறேன்” என்றான். அப்போதே போன் எடுத்துக் கூப்பிடச் சொன்னேன். நல்லவேளை, அவர் இன்னும் அந்த சிரிஞ்சைத் தொடவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் பாடம் எடுக்கவில்லை.

அடுத்த வாரங்களில்தான் மாத்திரைக்கு வருவோம். இதில் எனக்கு ரொம்பக் கைகொடுப்பது மஞ்சப்பை. “வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டுக் கொண்டாங்க, பழசு புதுசு எல்லாம்” என்று வருகிறவர்களிடம் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். பையைக் கொட்டினால்தான் தெரியும். போன மாதம் ஒரு பெரியவர் கொண்டு வந்த பையில் அரசு ஆஸ்பத்திரி அட்டை ஒன்று, மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்தது ஒன்று, தனியார் டாக்டர் சீட்டுக்கு வாங்கியது ஒன்று. மூன்றுக்கும் மூன்று நிறம், உள்ளே மூன்றிலும் ஒரே சர்க்கரை மருந்து, மெட்ஃபார்மின். மூன்றையும் போட்டுக்கொண்டு, “வயிறு ஒரு வருஷமா சரியில்லைம்மா” என்கிறார். வீடு தேடி மாத்திரை வருவது எவ்வளவு பெரிய காரியம்! 2021 ஆகஸ்டில் அது தொடங்கியபோது உன் நாகலூர்ப் பாட்டிகளை நினைத்துத்தான் சந்தோஷப்பட்டேன். ஆனால் மூன்று வழியாக வருகிறதை ஒரே இடத்தில் கொட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

இன்னொருவர் மெட்ஃபார்மினையே நிறுத்திவிட்டார். கேட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு, மாத்திரை மலத்தில் அப்படியே வந்துவிடுகிறது, காசுக்குப் பிடித்த கேடு என்றார். மெதுவாகக் கரைகிற வகை அது. மருந்து உள்ளே இறங்கிவிடும், வெறும் கூடுதான் வெளியே வரும். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகும். சொல்ல ஆள் இல்லாமல் நான்கு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார்.

ஆடியும் புரட்டாசியும் வந்தால் எனக்குத் தனிப் பயம். விரதம் இருப்பார்கள், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார்கள். சர்க்கரையை இறக்குகிற கிளிமிப்பிரைடு போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை நடுங்கும், வேர்க்கும், படபடவென்று வரும். கோயில் வரிசையில் நிற்கும்போது வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். விரதம் இருக்காதீர்கள் என்று சொல்ல நாம் யார்? இருக்கப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், மடியில் குளுக்கோஸ் பவுடர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறியதும் சாப்பிட்டுவிட வேண்டும். வோக்லிபோஸ் என்கிற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். இதை வகுப்பில் சொன்னபோது பி.பார்ம் படித்த பெண்ணே நிமிர்ந்து பார்த்தாள். காரணம் அவளுக்குத் தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறாள். ஆனால் கவுன்ட்டரில் அது தன் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தை என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

வைகாசியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஒரு பெண் ஓடி வந்து சுகர் 312 காட்டுகிறது என்று அழுதாள். மிஷினைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். விரல் நுனி மஞ்சளாக இருந்தது. இமாம்பசந்த் அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே குத்திப் பார்த்திருக்கிறாள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலின் பக்கவாட்டில் குத்தச் சொன்னோம். 148. அவள் எங்கள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறாள்.

கால் விஷயம் மட்டும் எனக்கு இன்னும் சரியாகக் கற்றுக்கொடுக்க வரவில்லை. அம்மாப்பேட்டையில் குழித்தறியில் நெய்கிறவர் ஒருவர், மிதியில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது தெரியாமல் இரண்டு நாள் மிதித்திருக்கிறார். சர்க்கரையில் மரத்துப்போன கால், வலித்தால்தானே? பேண்டேஜ் வாங்க வந்தவரை உட்கார வைத்துக் காலைப் பார்த்து, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கால் தப்பியது. பேண்டேஜ் கேட்டால் யாருக்கு, எங்கே என்று கேட்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். கவுன்ட்டரைத் தாண்டி வெளியே வந்து, குனிந்து இன்னொருவர் பாதத்தைப் பார்க்கிற மனசை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? உனக்கு ஏதாவது வழி தோன்றினால் எழுது.

ஒரு கடைக்காரர் தன் ஆட்களை அனுப்ப மாட்டேன் என்றார். ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசினால் பின்னால் நிற்கிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது அவர் கவலை. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, வாடகை கட்ட வேண்டும். ஆனால் பத்து நிமிஷம் யார் கேட்டார்கள்? சுகர் இருப்பவர் டாக்டரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. நம்மிடம் வருவது மாதம் ஒரு தடவை. வரும்போது ஒரு கேள்வி போதும். இந்த மாதம் ஊசி எப்படிப் போடுறீங்க, செஞ்சு காட்டுங்க. அடுத்த மாதம் கால் மரத்துப்போகுதா. ஒரு வருஷத்தில் பன்னிரண்டு கேள்வி ஆகிவிடும். நோயாளிக்கு ஆலோசனை சொல்வது நம் வேலை என்று 2015இல் வந்த பார்மசி நடைமுறை விதிகளிலேயே இருக்கிறது. ஊர் உலகத்தில் நடக்காததும் இல்லை. அமெரிக்காவில் நார்த் கரோலைனாவில் ஆஷ்வில் என்று உன் ஏற்காடு மாதிரி ஒரு மலையூர். 1990களில் அந்த நகர நிர்வாகம், சர்க்கரை இருக்கிற தன் ஊழியர்களைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களைத் தவறாமல் பார்க்க வைத்தது. பார்த்தவர்களுக்கு மருந்துச் செலவில் சலுகை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்கியது, உடம்பு சரியில்லை என்று எடுக்கிற லீவும் குறைந்தது. இங்கே சலுகை கொடுக்க நம்மிடம் பணம் இல்லை. ஸ்டூல் போட்டு உட்கார வைக்கலாம்.

பிள்ளைகளிடம் கண்டிப்பாக ஒன்று சொல்லியிருக்கிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் வேலை இல்லை. சர்க்கரை ஏறி வாந்தியும் இருந்தால், காலில் புண் இருந்தால், நெஞ்சு அடைக்கிறது என்றால் பேச்சை நிறுத்திவிட்டு உடனே அனுப்ப வேண்டும். டாக்டருக்கு ஒரு துண்டுச் சீட்டில் நாம் பார்த்ததை எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். முதலில் இரண்டொரு டாக்டர்கள் கோபப்பட்டார்கள். இப்போது ஒருவர் திருப்பி எழுதுகிறார், “நன்றி, மாற்றியிருக்கிறேன்” என்று. அந்தச் சீட்டைப் பையன்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் ஆட்கள் சேலத்தில் இன்சுலின் வாங்கி, ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உறைந்துபோன இன்சுலின் வீண். அது மறுபடி உருகிவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஐஸ் மேல் படாமல் துணி சுற்றி வைக்கச் சொல். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு மண்பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் போட்டுக் கொடுத்தால் போதும். உன் குளிருக்கு அது தாராளம். தினமும் போடுகிற பாட்டில் வெயில் படாத இடத்தில் வெளியே இருக்கலாம், நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பாட்டில் மேல் திறந்த தேதியை எழுதிக் கொடு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பௌர்ணமிக் கணக்கில் சொல்லிவிடு.

அடுத்த ஞாயிறு பண்டிகைக் கூட்டம், இங்கே வகுப்பு இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நான்கு பிள்ளைகளோடு வருகிறேன். மஞ்சக்குட்டை, நாகலூர் பக்கம் கடைகளில் நிற்கிறவர்களை உன் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லி வை. ஐந்து பேர் வந்தாலும் போதும். சிரிஞ்சு, பாட்டில், வெள்ளைக் கிண்ணம் எல்லாம் நான் கொண்டு வருகிறேன். நீ உன்னிடம் மருந்து வாங்குகிற எஸ்டேட் பெண்கள் இரண்டு பேரிடம் மட்டும் மஞ்சப்பையோடு வரச் சொல். மாமியாரின் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு வை, முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி