செந்திலுக்கு, மயிலாப்பூரிலிருந்து

அன்புள்ள செந்தில்,

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. நானே கூப்பிட்டபோது வித்யா எடுத்து, நீ தூங்குவதாகச் சொன்னாள். அங்கே அப்போது சாயங்காலம் ஏழரை மணிதானே. சரி, அலுப்பாக இருக்கும் என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி ஒழுகலைப் பூசியாயிற்று.

மாமா வந்திருந்தார். அவர் பையன் ஆஸ்டினுக்குக் குடிபோய்விட்டானாம். டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது, கலிபோர்னியாவில் உச்சத்தில் 13.3 சதவீதம், கைநிறையச் சம்பாதிக்கிற செந்தில் ஏன் அங்கேயே கிடக்கிறான் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சன்னிவேலில் உன்னோடு இருந்த மூன்று மாதத்தில் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி எழுபதுகளில் வாங்கிய வீடு, அந்த மாநிலத்து 1978 சட்டப்படி வீட்டு வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, மாநிலத்தை விட்டுப் போனால் அந்தச் சலுகை போச்சு, அவர் எதற்கு விற்பார்? நீ 2021-ல் 3 சதவீத வட்டிக்கு வாங்கிய கடனை அடைத்துவிட்டு 6 சதவீதத்துக்கு மேல் புதுக்கடன் யார் வாங்குவார்கள்? அப்புறம் வேலை. போட்டிக் கம்பெனியில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கினாலும் அங்கே செல்லாது. வெள்ளிக்கிழமை விலகியவன் திங்கட்கிழமை எதிர்க் கம்பெனியில் உட்காரலாம். கெட்டிக்காரர்களும் முதல் போடுகிறவர்களும் அந்த ஊரைச் சுற்றி நாற்பது மைலுக்குள்ளேயே சுற்றுகிறார்கள் என்றேன். என் பிள்ளை கணக்குத் தெரிந்தவன் என்றும் சொன்னேன்.

பிப்ரவரியில் அந்தப் பாட்டி எலுமிச்சையை அட்டைப்பெட்டியில் வாசலில் வைப்பாரே, பாப்பா ஓடிப்போய் இரண்டு எடுத்துவருவாள். மெல்லிய தோல், லேசாக ஆரஞ்சுச் சாயல். ஊறுகாய்க்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா போட்டாள். ஒரே வாரத்தில் தீர்ந்தது. அந்த இடத்தை விட யாருக்கு மனசு வரும்?

ஆனால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் வைத்துக்கொள். ஆட்குறைப்புச் செய்தி தினமும் பேப்பரில் வருகிறது. கிரீன் கார்டு வராதவர்களுக்கு வேலை போனால் 60 நாள்தான், அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்ளவேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்டுவதை நிறுத்திவிட்டு ஆறு மாதப் பணத்தைத் தனியாக வை. போன வருடமும் சொன்னேன், நீ சிரித்தாய்.

பாப்பா ஸ்கூலுக்காகத்தான் இங்கேயே இருக்கிறோம் என்கிறாயே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது. 1996-ல் எனக்கு ஆபீசர் பிரமோஷன் வந்தது, வெளியூர் மாற்றலோடு. உன் படிப்புக்காக வேண்டாமென்றேன் என்று ஊரெல்லாம் சொன்னேன், நீ மார்க் குறைந்து வந்த நாளெல்லாம் சொல்லிக்காட்டினேன். அது பொய்டா. கச்சேரி ரோட்டில் இறங்கி நடந்தால் நாலு பேர் சார் என்று கூப்பிடுவார்கள், புது ஊரில் யார் கூப்பிடுவார்கள் என்ற பயம். அந்தப் பாரத்தைப் பன்னிரண்டு வயதுப் பையன் தலையில் வைத்தேன். நீ பாப்பா தலையில் வைக்காதே.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். நான் எதுவும் கேட்கமாட்டேன். அம்மா அந்த நேரம் கோயிலுக்குப் போயிருப்பாள்.

அப்பா