கசியும் குழாய்க்கு மேல்பூச்சு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு வீட்டுக் குறிப்புகள் பகுதியில், குழாய் ஜாயின்டில் தண்ணீர் கசிந்தால் எபாக்சியை, அதாவது பிசைந்து அப்பினால் இறுகிவிடும் பசையை, மேலே ஒட்டினால் போதும் என்று போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்த வைத்தியத்தை இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

குளியலறைக் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. ராத்திரி 10 மணிக்கு வைத்த சின்ன வாளி காலையில் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். வந்த பிளம்பர் எதையும் கழற்றவில்லை, பிசைந்தார், அப்பினார், 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வாரம் நின்றது, அப்புறம் அப்பிய இடத்தின் ஓரத்திலிருந்தே வழிந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்க, உப்பும் ஈரமுமாக இருக்கிற இடத்தில் எந்தப் பசைதான் பிடிக்கும்?

மூன்றாவது தடவை நானே கழற்றினேன். உள்ளே மரையில், கசியாமல் இருக்கச் சுற்றும் மெல்லிய வெள்ளை நாடாவான டெஃப்லான் டேப் இரண்டே சுற்று, அதுவும் எதிர்ப்பக்கமாக! மரை நம்மைப் பார்த்திருக்கும்படி குழாயைப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகிற பக்கமாக இழுத்துச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கிற மெல்லிசு டேப் என்றால் ஒரு பத்துச் சுற்றாவது சுற்றுங்கள். இன்னொன்று, முறுக்கி முடித்ததும் குழாய் மூக்கு கோணலாக நிற்கிறதே என்று கொஞ்சம் பின்னால் திருப்புவோம் பாருங்கள், அங்கேதான் மறுபடி கசிவு ஆரம்பிக்கிறது. திருப்பிவிட்டால் முழுசாகக் கழற்றிப் புது டேப் சுற்றுவதைத் தவிர வழியில்லை. அதற்காக முழு பலத்தையும் ஸ்பேனரில் காட்டாதீர்கள், பிளாஸ்டிக் ஜாயின்ட் விரிசல் விட்டுவிடும்.

வாஷ்பேசின் ஹோஸுக்கு டேப்பே வேண்டாம், ரப்பர் வாஷரை மாற்றினால் சரியாகிவிடும். சால்வென்ட் பசை போட்டு ஒட்டிய சிபிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக் பைப்) ஜாயின்ட் கசிந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, பைப்பை ஈரமில்லாமல் துடைத்துப் இரண்டு பைப்பை இணைக்கிற புது கப்ளர்தான் போட வேண்டும்.

எபாக்சியே கூடாது என்று சொல்லவில்லை. நடு ராத்திரியில் பைப் பிய்த்துக்கொண்டால் விடியும்வரை அதுவே துணை. ஆனால் எங்கள் அடுக்குமாடி மாதிரி இடங்களில் அதுவே நிரந்தரமாகிவிடுவதற்குக் காரணம் வேறு. மொட்டை மாடியில் இருக்கிற ஒரே கேட் வால்வை மூடினால் நான்கு வீட்டுக்கும் தண்ணீர் நின்றுவிடும். ஒரு குழாயைக் கழற்ற நான்கு பேரிடம் நேரம் கேட்க வேண்டும், யாருக்குப் பொறுமை இருக்கிறது? கட்டும்போதே ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் படிக்கிற பக்கத்தில் இதையும் போடுங்களேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வேளச்சேரி, சென்னை.