குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, வரவு செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் இருக்கின்றன. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது நாய் விவகாரம்தான். அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. மறுநாளே நம் வாட்ஸ்அப் குழுவில், பெரிய நாய் வளர்ப்பவர்களை வெளியேற்ற வேண்டும் என்று குரல் எழுந்தது. அந்த மார்ச்சில்தான் மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் தமிழகத்தில் வந்த தடை அறிவிப்பும் உடனே நிறுத்திவைக்கப்பட்டது. இனத்தைச் சொல்லி யாரையும் வெளியேற்றச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று நான் சொன்னபோது சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவர்களின் பயம் நியாயமானது. என் பேத்தியும் இந்த வளாகத்தில்தான் விளையாடுகிறாள்.

ஆகஸ்டில் பேப்பர் போடும் தம்பியைக் கடித்தது ஒரு பொமரேனியன். வளர்த்தவர் கதவைத் திறந்துபோட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டால், போன வருஷமா அதற்கு முந்தின வருஷமா என்று அவருக்கே நினைவில்லை. சான்றும் இல்லை, நாய் வளர்க்க மாநகராட்சி தரும் உரிமமும் இல்லை. இரண்டாம் மாடி அம்மா தம்பியைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வைத்தார். டாக்டர்களும் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். அப்புறம் 0, 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை ஊசிக்காக அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றார் தம்பி. நான்கு நாள் வருமானம் போனது. நாயை வளர்த்தவர் பிறகு அதை ஈடுகட்டினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் கூட்டத்தில் எந்த இனமானாலும் ஒரே விதி என்று முடிவானது. வீட்டு வாசல் தாண்டினால் சங்கிலி. அதைப் பிடிப்பவர் பெரியவராக இருக்க வேண்டும். கடிக்கும் சுபாவமுள்ள நாய்க்கு வாய்மூடி. மாநகராட்சி உரிமத்துக்கு 2024இல் கட்டணம் 50 ரூபாயாகத்தான் இருந்தது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவையும் அன்று படித்துக் காட்டினேன். அஜாக்கிரதையாக விட்ட விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேரக்கூடுமென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான். அந்தப் பிரிவில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது.

வளாகத்தில் உள்ள 14 நாய்களில் 11க்கு உரிமம் வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு வீடாக வந்து படிவம் நிரப்பிக் கொடுத்த மூன்றாம் மாடி கல்லூரி மாணவிக்கு மனமார்ந்த நன்றி. மீதி மூன்று வீட்டாரும் ஜூன் 30க்குள் சான்றைக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். பேப்பர் தம்பி இன்னும் மாடி ஏறுவதில்லை. அந்த வரிசை வீட்டுப் பேப்பர்களை எல்லாம் காவலாளி மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்.

இப்படிக்கு,
செயலாளர்