லீவு லெட்டர் வேண்டாம், செல்வி

சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் மகள் பாப்பா சட்ட நிறுவனத்துக்கு எழுதிய இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தை நீ என் பார்வைக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபமாக இருப்பாய், நியாயம்தான். 'நல்லா இருக்கு, அனுப்பச் சொல்லு' என்று அன்றைக்கே இரண்டு வரி தட்டிவிட்டிருக்கலாம். அவளுக்கு அது கெடுதல் என்பதால் உட்கார்ந்து எழுத நேரம் வரட்டும் என்று வைத்திருந்தேன், நாள் ஓடிவிட்டது. அம்மாவின் முழங்கால் இப்போது தேவலை. கணக்கு டீச்சர் பேத்தி கல்யாணத்தில் எனக்காக நீ எழுதிய மொய்யை ஜீபேயில் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதத்தைப் படித்ததும் ஆடித்தபசுத் திருவிழாவுக்காக நீ எழுதின லீவு லெட்டர்தான் ஞாபகம் வந்தது. 'மரியாதைக்குரிய ஐயா, தங்களது புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றும் பொன்னான வாய்ப்பை அளிக்குமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறேன்.' இப்படித்தான் அவள் தொடங்குகிறாள், அப்படியே உன் நடை! மூன்று பத்தி முழுக்க வேண்டுகோள். இந்தப் பெண்ணுக்கு என்ன வேலை செய்யத் தெரியும் என்று ஒரு வரி இல்லை. கடிதம் போய்ச்சேரவேண்டிய பார்ட்னர், அதாவது நிறுவனத்தின் பங்குதாரர், ஒரு பெண்மணி, அவரை 'ஐயா' என்று வேறு அழைத்திருக்கிறாள். 'சார் ஆர் மேடம்' என்று போட்டால் மட்டும் சரியாகிவிடாது. நிறுவனத்தின் இணையதளத்தில் பெயர் இருக்கிறது, பெயரோடு 'டியர் மிஸ்.' என்று தொடங்கினால் போதும்.

இதைப் படிக்கப்போகிறவர் யார் என்று அவளை யோசிக்கச் சொல். பெரும்பாலும் ஒரு இளம் அசோசியேட், நிறுவனத்தில் வேலை பார்க்கும் வழக்கறிஞர். மறுநாள் கேஸ் கட்டுக்கும் கட்சிக்காரர் போனுக்கும் நடுவில் விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிய வேண்டியவை நான்கு: எத்தனையாவது வருஷம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த டீமுக்கு, திங்கட்கிழமை காலை இந்தப் பிள்ளையிடம் என்ன வேலையைக் கொடுக்கலாம். முதல் மூன்றும் மெயிலின் சப்ஜெக்ட் வரியிலேயே வந்துவிட வேண்டும்: இன்டர்ன்ஷிப் விண்ணப்பம், பெயர், பி.ஏ. எல்எல்.பி. மூன்றாம் ஆண்டு, கல்லூரி, ஜூன் 1 முதல் 28 வரை, ரியல் எஸ்டேட் டீம். நான்காவதற்குத்தான் மற்ற எல்லாத் தாளும்.

எனக்கு ஆற்றாமையே அந்த நான்காவதில்தான். தாத்தாவின் பத்திரப் பெட்டி பற்றிப் போனில் நீ போகிறபோக்கில் சொன்னாயே, அது ஏன் சிவியில் இல்லை? ஆவண எழுத்தராக இருந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து இவள் பழைய கிரயப் பத்திரங்களைப் படித்திருக்கிறாள். பழைய கொல்லம் ஆண்டு, வருவாய்க் கணக்கின் ஃபசலி ஆண்டு, கோட்டை விதைப்பாடு என்ற நில அளவு எல்லாம் அவளுக்குப் புரிகிறது. பட்டா, சிட்டா, அடங்கலை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் தெரிகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு 'பொழுதுபோக்கு: இசை கேட்டல், புத்தகம் வாசித்தல்' என்று எழுதியிருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது செல்வி.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் இருவருக்குமே தெரியவில்லை. உங்கள் பக்கம் காற்றாலைக்கும் சூரிய மின் பூங்காவுக்கும் தொழிற்சாலைக்கும் நிலம் வாங்குகிறவர்கள் முதலில் சட்ட நிறுவனத்திடம்தான் வருவார்கள். பெரும்பாலும் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் பின்னோக்கிப் போய், தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாகப்பிரிவினையில் பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்களா, பவர் கொடுத்தவர் கிரயத் தேதியில் உயிரோடு இருந்தாரா, பழைய சர்வே எண் உட்பிரிவு ஆனபின் எதுவாக மாறியது, ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், வராத அடமானம் பத்திரத்தின் உள்ளே எங்காவது சொல்லப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் அடக்கம். எல்லாமே தமிழில், பாதி கையெழுத்தில். நல்ல மதிப்பெண்ணும் நல்ல ஆங்கிலமும் உள்ள பல பிள்ளைகள் அந்தக் கையெழுத்தைக் கண்டதும் நின்றுவிடுகிறார்கள். உன் மகள் நிற்க மாட்டாள். கடிதத்தின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் வராதே என்று பயப்படுகிறாள் என்றாய். கீழ் நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. அந்த வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தால் யாராவது அதை ஆங்கிலமாக்கித்தான் தாக்கல் செய்ய வேண்டும். 'மொழிகள்: தமிழ், ஆங்கிலம்' என்று மொட்டையாகப் போடாமல், 'தமிழ்: பழைய கையெழுத்துப் பத்திரங்களை வாசிக்கவும் சாட்சியங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் முடியும்' என்று எழுதட்டும். கடிதத்தின் ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். அகராதியில் தேடி எடுத்த பெரிய வார்த்தைகள்தான் அவளுடைய கடிதத்தைக் கெடுத்திருக்கின்றன. செய்ததை முதலில் தமிழில் உனக்குச் சொல்லட்டும், பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதட்டும்.

சிவி ஒரே பக்கம். மூன்றாம் வருஷத்துக்கு அதற்குமேல் தேவையில்லை. புகைப்படம், அப்பா பெயர், மதம், பிறந்த தேதி, 'மேற்கண்டவை உண்மை' என்கிற உறுதிமொழி, 'எனது இலட்சியம்' பத்தி எல்லாவற்றையும் எடுத்துவிடு. கிடைக்கிற இடத்தில் வேலையைப் பற்றி எழுதலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இருந்ததை 'பல்வேறு சட்டப் பணிகளில் உதவினேன்' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறாள். என்ன பணி, எந்தச் சட்டம், எத்தனை, கடைசியில் கையில் என்ன தாள் வந்தது? இந்த நாலு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் அது ஒரு வரி. 'மக்கள் நீதிமன்றத்துக்கு வந்த இத்தனை காசோலை வழக்குகளில், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி அறிவிப்புத் தேதிகளைச் சரிபார்த்து அட்டவணை தயாரித்தேன்' என்று எழுதினால் படிக்கிறவருக்கு உடனே ஒரு ஆள் தெரிகிறாள். எண்ணிக்கை நிஜமாக இருக்க வேண்டும். நேரில் கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து நிமிடம் பேசத் தெரிய வேண்டும், பேச முடியாத வரியை அடித்துவிடட்டும். கட்சிக்காரர் பெயர் மட்டும் எங்கேயும் வரக்கூடாது. ஒரு அலுவலகத்து ரகசியத்தை சிவியில் போடுகிறவள் நம் ரகசியத்தையும் நாளை வெளியே சொல்வாள் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும்.

மூட் கோர்ட் என்கிற மாதிரி நீதிமன்றப் போட்டியில் 'பங்கேற்றேன்' என்றால் ஒன்றும் தெரியாது. வாதாடினாளா, மெமோரியல் என்கிற எழுத்து வாதத்தை எழுதினாளா, எந்தச் சுற்று வரை போனாள் என்று வேண்டும். மதிப்பெண்ணை மறைக்க வேண்டாம். அரியர் இருந்து தேறியிருந்தால் இருக்கட்டும். வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கல்லூரி எழுதிக் கொடுத்தால் சதவீதத்தின் பக்கத்தில் அதையும் போடலாம். அரசுக் கல்லூரிகளில் மதிப்பெண் இறுக்கமாகத்தான் போடுவார்கள், வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது.

ஒரு முக்கியமான தப்பு. கடிதத்தில் முன்ஜாமீனுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணான 438 என்று எழுதியிருக்கிறாள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்பில் உள்ளன. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் முன்ஜாமீன் 482ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், இப்போது அது 528. எண்கள் இப்படி இடம் மாறி உட்கார்ந்திருப்பதால் படிக்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். பழைய வழக்கு என்றால் பழைய எண், புதியது என்றால் புதிய எண். ஒவ்வொன்றையும் சட்டப் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கச் சொல்.

கவர் லெட்டர் முந்நூறு வார்த்தைக்குள் முடியட்டும். 'ஏன் உங்கள் நிறுவனம்' என்ற இடத்தில் இணையதள முகப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறாள். அவர்கள் எழுதியதை அவர்களுக்கே திருப்பி அனுப்பி என்ன பயன்? நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடலாம், தீர்ப்புகள் கிடைக்கும் இந்தியன் கானூன் தளத்திலும் தேடலாம். அந்த பார்ட்னர் ஆஜரான இரண்டு தீர்ப்புகளையாவது முழுக்கப் படித்துவிட்டு, எது பிடிபட்டது, எது இன்னும் கேள்வியாக நிற்கிறது என்று இரண்டு வரி எழுதட்டும். சொத்து வேலை என்றால் தமிழ்நாடு பத்திரப் பதிவு விதிகளின் 55-ஏ விதி விஷயம் இருக்கிறது. எழுதிக்கொடுப்பவரின் முந்தைய மூலப் பத்திரம் இல்லாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற விதியை 2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குப் பிறகு சட்டப்பேரவை என்ன செய்தது என்பதையும் அவளே தேடிப் படிக்கட்டும். தாத்தா காலத்து நடைமுறையோடு அதை ஒட்டி அவள் எழுதினால் வேறு யாராலும் எழுத முடியாத பத்தியாக அது இருக்கும்.

ஏஐயிடம் கேட்டு எழுதாதே என்று சொன்னால் கேட்க மாட்டாள், அந்த வயது. ஆனால் வழக்குப் பெயர் ஒன்றைக்கூட அதிலிருந்து நேராக எடுக்கக் கூடாது. 2023இல் நியூயார்க்கில், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். எழுத்து மாதிரி கேட்டால் அவளே எழுதிய மூன்று பக்கம் போதும், கல்லூரி ஆய்வுக் கட்டுரையின் ஒரு பகுதியானாலும் சரி. வேறொரு அலுவலகத்துக்காகத் தயாரித்த வரைவைக் கொடுக்கவே கூடாது.

தேதி விஷயத்திலும் தவறிவிட்டாள். மே, ஜூன் இரண்டு மாதமும் தொடர்ந்து வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும். நீதிமன்ற அனுபவத்துக்கு மே மாதம் சரிப்படாது, உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை, விடுமுறைக்கால அமர்வுகள் மட்டும்தான். ஜூனில் மதுரைக் கிளை திறக்கும்போது போனால் ஒவ்வொரு நாளும் பாடம். பெரிய நிறுவனங்களில் மே இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். நான்காம், ஐந்தாம் வருஷ இன்டர்ன்களிலிருந்துதான் பலரை ஜூனியராக எடுப்பார்கள். அதனால் இந்த வருஷம் வேலை கற்றுக்கொள்ள, அடுத்த வருஷம் தன்னைக் காட்ட என்று அவள் திட்டம் போட வேண்டும்.

அனுப்புவது எளிது. ஒரு மெயிலில் ஒரு நிறுவனம். நாற்பது முகவரியை ஒன்றாகப் போட்டு அனுப்பினால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். முந்தைய நிறுவனத்தின் பெயரை மாற்ற மறப்பதும் அடிக்கடி நடக்கிறது, அனுப்புமுன் நீ ஒருமுறை சத்தமாகப் படி. பிடிஎஃப்பின் பெயர் 'ஃபைனல் நியூ 3' என்று இருக்கிறது. அதில் அவள் பெயர் இருக்க வேண்டும். படிவம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மெயில் வேண்டாம், படிவத்திலேயே நிரப்பட்டும். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். வாட்ஸ்அப்பில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். நீயும் உன் அத்தான் மூலம் சொல்லிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதே!

இன்னொன்று, இதை அவளிடம் நீயே உட்கார்ந்து பேசு. பல இடங்களில் இன்டர்ன்களுக்குப் பணம் தருவதில்லை. 2024 அக்டோபரில் பார் கவுன்சில் நகரங்களில் மாதம் 20,000 ரூபாய், கிராமப்புறங்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை என்று பரிந்துரைத்தது ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு, மாணவர்களுக்கு அல்ல. சென்னையில் ஒரு மாத ஹாஸ்டலும் பஸ்ஸும் சாப்பாடும் உன் கையிலிருந்துதான். உதவித்தொகை உண்டா என்று இடம் உறுதியானதும் மரியாதையாகக் கேட்கலாம், தப்பே இல்லை. அலுவலகத்தில் யாராவது எல்லை மீறினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பயிற்சியாளர்களையும் காக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சின்ன அலுவலகம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. சான்றிதழ் கிடைக்காதே என்று பொறுத்துக்கொள்ளாதே என்று நீ சொன்னால் அவள் கேட்பாள். நம் காலத்தில் நம்மிடம் யாரும் சொல்லவில்லை.

புதிய வரைவை அடுத்த ஞாயிறுக்குள் அனுப்பச் சொல், அன்றைக்கே சிவப்பு மையோடு திருப்பி அனுப்புகிறேன். அதற்கு முன் ஒரு வேலை. தாத்தா பெட்டியில் அவள் முழுசாகப் படித்து முடித்த பத்திரங்கள் எத்தனை, அதில் மிகப் பழையது எந்த வருஷத்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணுங்கள். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருஷம் வந்துவிடும். அந்த இரண்டு எண்ணையும் நாளைக்கே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ஜெயா