அரசலாற்றங்கரை மக்களுக்கு எங்கள் நன்றி

அந்த ராத்திரி மழையில் எங்கள் சாமான்கள் நனைந்து, சேற்றில் முங்கி, படப்பிடிப்பே நின்றுபோனது கும்பகோணம் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. அதை விரித்து எழுத மனசு வரவில்லை. நாளைக் காலை கேமரா திரும்பவும் ஓடப்போகிறது. அதற்கு நீங்கள்தான் காரணம்.

கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டவர்கள், அம்பாசடரை டிராக்டர் கட்டி இழுத்தவர்கள், நனைந்த துணிமணிகளை அரிசி மில்லில் உலர்த்தித் தந்த அக்காமார்கள், எழுபது பேருக்குச் சுடச்சுடச் சாம்பார் சாதம் போட்ட வீடுகள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தபால் தந்தி இலாகாவில் தந்தி அடித்து ஓய்வுபெற்ற, எண்பதைத் தாண்டிய பெரியவர்.

1966-ல் நடக்கிறது எங்கள் கதை. தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று ஜெய்சங்கரைக் கொண்டாடிய காலம். வெற்றிலைக் கவுளிக்குள் வந்த ரகசியச் சீட்டால் தபால்காரர் மணியை ஊரே ஒற்றன் என்று நம்பிவிடுகிறது. கடைசியில் தந்தி அறையில் மாட்டிக்கொண்டு உதவி கேட்டுத் தட்டுகிறார். அந்தத் தந்திக் கருவிதான் சேற்றில் முங்கிப்போனது.

யாரும் கூப்பிடாமலே ஐயா வந்தார். கையில் ஒரு சின்னத் திருப்புளி, உப்புத்தாள், பழைய வேட்டித் துணி. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகக் கழற்றி, சேற்றைத் துடைத்து, முனைகளைப் பளபளவென்று தேய்த்து, பேட்டரியைக் கொடுத்தார். ‘டக்’ என்றது. எங்களுக்கு உயிர் வந்தது.

அப்புறம் கேட்டார்: “தம்பி, மணி என்ன அடிக்கிறாரு?” தந்தி அடிக்கிறான் என்பதோடு சரி, எங்கள் திரைக்கதைக் காகிதத்தில் வேறு ஒன்றும் இல்லை. “அப்ப பேரையாவது அடிக்கட்டும்” என்று சொல்லி, நடிக்கும் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். தந்தியில் ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் குறில், நெடில் தட்டுகளால் ஆனது. எம் என்றால் இரண்டு நெடில். ஏ குறில், நெடில். என் அதைத் திருப்பிப் போட்டது. ஐ இரண்டு குறில். நம் தந்தி ஆபீசில் ‘பீப் பீப்’ கிடையாதாம். சவுண்டர் என்ற, தந்தியைச் சத்தமாக்கும் கருவியின் இரும்பு கீழே விழும் சத்தத்துக்கும் மேலே எழும் சத்தத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் காது அளந்துகொள்ளுமாம். சத்தம் கணீரென்று வர, பின்னால் ஒரு காலி பிஸ்கட் டின்னை வைத்தார்.

“படம் பாக்குறவங்கள்ல ஒரு தந்திக்காரன் இருப்பான் தம்பி. அவன் காதுல அது எழுத்தா விழணும்.”

2013 ஜூலையோடு தந்தியே நின்றுவிட்டது. கறுப்புக் கண்ணாடியும் இறுக்கமான பேண்டும் கடையில் கிடைக்கும். அந்தக் கை எங்கே கிடைக்கும்? சிரிக்கவைக்கும் படம்தான், ஆனாலும் மணி தட்டும்போது திரையில் பின்னணி இசை வராது. இது ஐயாவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

படம் முடிந்ததும் முதல் காட்சி உங்கள் கல்யாண மண்டபத்தில்தான், சென்னைக்கு அப்புறம்தான் போகும். நாள் முடிவானதும் வீடு வீடாக வந்து அழைக்கிறோம்.