செயலாளரின் ஆண்டறிக்கை: பூச்சியுண்ணிச் செடி வளர்ப்போர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராதவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. ஆள் சேராத மாதங்களில் பேசிவிட்டுக் கலைந்தோம். மாணவர்களுக்கு வீனஸ் ஈப்பொறிச் செடியின் செயல்விளக்கமும் நடந்தது. அதன் இலை நுனிதான் பூச்சி பிடிக்கும் பொறி. இருபது விநாடிக்குள் உள்ளிருக்கும் உணர்மயிரை இரண்டு முறை தொட்டால்தான் பொறி மூடும் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பென்சில்கள் உள்ளே போய்விட்டன. உள்ளே இரை இல்லாமல் மூடித் திறப்பது செடிக்கு வீண் செலவு. அடுத்த முறை பென்சில்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

இனி ‘அகாய் ரியூ’ தாய்ச்செடித் திட்டம். இதைச் செயலாளரின் சொந்த ஆசை என்று சிலர் சொல்வதாகக் கேள்வி. சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் இருப்பதை ஆசை என்று சொல்ல முடியாது.

அகாய் ரியூ, அதாவது ரெட் டிராகன், வீனஸ் ஈப்பொறியில் அமெரிக்காவின் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் உருவாகி 1996-இல் பதிவான வகை. நல்ல வெயிலில் பொறி மட்டுமல்ல, இலைக்காம்பும் சேர்ந்து கருஞ்சிவப்பாகிவிடும். இந்த வகையைப் பெயரோடு காப்பாற்ற வேண்டுமானால் பக்கக்கன்று பிரிக்க வேண்டும், இலை உரித்து ஊன்ற வேண்டும், இல்லையென்றால் திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துணுக்கை ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பது. விதையில் முளைத்தது எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் அகாய் ரியூ ஆகாது. பெற்றோரைப் போல இருக்கலாம், பெயரை எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை மூன்று கூட்டங்களில் சொல்லியாயிற்று. அப்புறமும் விதைநாற்றில் அந்தப் பெயரட்டையைக் குத்திப் பரிமாற்ற மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அட்டைகளை எடுத்தது நான்தான். அதற்காக என்னோடு பேசாமல் இருப்பவர்கள் இனிப் பேசலாம்.

திட்டம் எளிது. சங்கத் தாய்ச்செடியிலிருந்து கன்று பெறுபவர், அது பெருகியதும் ஒரு கன்றைத் திருப்பித் தர வேண்டும். எந்தத் தொட்டி எதிலிருந்து வந்தது என்பது பதிவேட்டில் ஏறும். வெளியிலையைக் கீழ்நோக்கி இழுத்து, அடியில் கொஞ்சம் வெள்ளைப் பகுதி ஒட்டி வரும்படி உரித்து, பீட் எனும் சதுப்புநிலப் பாசி மக்கை ஈரமாக்கி அதில் படுக்க வைத்து மூடி வைத்தால், சில வாரங்களில் அந்த வெள்ளை ஓரத்தில் கடுகளவு முளை தெரியும். அதற்குள்ளேயே ஒரு பொறி, பல்லெல்லாம் வைத்துக்கொண்டு. இதைப் பார்த்த பிறகும் ஒருவருக்குக் கன்று திருப்பித் தர மனம் வரவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

வாங்கிப் போனவர்களில் பாதிப் பேரிடமிருந்து கன்றும் இல்லை, தகவலும் இல்லை. விசாரித்தால் “செத்துப்போச்சு” என்கிறார்கள். எப்படிச் செத்தது என்பது தெரிந்த கதைதான். குழாய்த் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்ஓ நீர் தவிர வேறெதுவும் ஆகாது. டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். உப்பு ஒரே நாளில் கொல்லாது, பீட்டில் சேர்ந்து சேர்ந்து வேரைத் தின்னும். சிலர் அன்பு மிகுதியால் உரமும் போட்டிருக்கிறார்கள். இன்னும் சிலர் குளிர்காலத்தில் இலை கறுத்ததும் தூக்கி எறிந்துவிட்டார்கள். வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோர ஈரநிலத்துச் செடி அது, மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்கியாக வேண்டும். குளிர் போதாத இடமென்றால் கிழங்கைக் கழுவி, ஈரப்பாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். எறிவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணக்கு: பொருளாளர் வர இயலாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். வரவு வந்த அளவுக்கு வந்தது, செலவு அதைச் சற்று முந்திக்கொண்டது. கையிருப்பு பீட்டுக்குப் போதும், அதோடு கலக்கும் பெர்லைட் எனும் வெள்ளைத் துகளுக்குப் போதாது. சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலை இங்கே படிக்கப் போவதில்லை. தத்தம் பெயர் அவரவருக்குத் தெரியும். பாக்கி வைத்தவர்களும் கன்று தராதவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தலைவர், துணைத்தலைவர், இடம் தந்து உதவியவர்கள், நாற்காலி அடுக்கியவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதானால் எனக்கு மகிழ்ச்சியே. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பொறுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கவும் விரும்பவில்லை. பதிவேட்டை அன்றே ஒப்படைத்துவிடுவேன். ஆனால் டிடிஎஸ் மீட்டர், விளக்கு அலமாரி, மழைநீர்த் தொட்டி மூன்றும் என் சொந்தப் பொருட்கள். தாய்ச்செடிகள் இப்போது இருப்பது அந்த அலமாரியில்தான். வேட்புமனு கொடுக்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்