ஆதியாகமம் 8:22ஐக் குறித்து மகனுக்கு

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடிருப்பதாக. பருவநிலை மாற்றத்தைப் பற்றி நீ எழுதியதை அம்மாவும் நானும் வாசித்தோம். "பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை" என்ற வசனத்தைக் காட்டி, ஆறு நாள் சிருஷ்டிப்பை விசுவாசிக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே தேவையில்லை என்று முடித்திருக்கிறாய். சிருஷ்டிப்பைக் குறித்து உனக்கும் எனக்கும் வேறுபாடில்லை. அந்த வசனத்திலிருந்து நீ எட்டிய முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வாக்குத்தத்தம் நோவாவின் காலத்தில் கொடுக்கப்பட்டது. அதே ஆதியாகமத்தின் 45ஆம் அதிகாரத்தில், இன்னும் ஐந்து வருஷம் உழவும் அறுப்பும் இராது என்று யோசேப்பு தன் சகோதரரிடம் சொல்கிறான். வாக்கு தவறிவிட்டதா? இல்லை. பருவங்களின் ஒழுங்கு நிலைத்திருக்கும் என்பதுதான் வாக்கு. எந்த நிலத்திலும் எந்த ஆண்டிலும் விளைச்சல் பொய்க்காது என்பது அதில் இல்லை. யோசேப்பும் தேவன் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கவில்லை. செழிப்பான ஏழு வருஷங்களிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கப் பார்வோனுக்கு ஆலோசனை சொன்னான்.

பூமியின் வயதைப் பற்றிய வழக்கையும் இதனோடு கலக்கிறாய். அண்டார்க்டிகாவில் தோண்டியெடுத்த பனிக்கட்டிக்கு எட்டு லட்சம் ஆண்டுகள் என்கிறார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அதை முழுவதும் ஒதுக்கிவிட்டாலும், ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் தொடங்கிய அளவீடு நம் முன்னே நிற்கிறது. அன்று காற்றில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்த வாயு வெப்பத்தை உட்கொள்வதை ஜான் டிண்டல் 1859இலேயே ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். இவற்றில் எதற்கும் நீண்ட யுகங்கள் தேவைப்படவில்லை.

நிலக்கரியையே எடுத்துக்கொள். ஜலப்பிரளயத்தில் புதையுண்ட தாவரங்களே நிலக்கரியாயின என்று நாம் நம்புகிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவானது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். எப்படி உண்டாகியிருந்தாலும், அதிலுள்ள ஒரு டன் கார்பன் எரியும்போது ஏறக்குறைய 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. நம் நம்பிக்கையின்படியே பார்த்தால், அப்படியொரு பிரளயம் இனி வராது என்று உடன்படிக்கை இருப்பதால், எரித்துத் தீர்த்த நிலக்கரிக்கு ஈடாக வேறு உண்டாகப்போவதுமில்லை. சிருஷ்டிப்பை ஆதரிக்கும் வானிலை அறிஞர் மைக்கேல் ஓர்டும், பிரளயத்துக்குப்பின் சில நூற்றாண்டுகளுக்குள் ஒரு பனியுகமே வந்து போனது என்று எழுதுகிறார். பருவநிலை அவ்வளவு விரைவாகப் புரளக்கூடும் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, இப்போது மட்டும் அது அசையாது என்று நாம் எப்படி வாதிடுவது?

உன் கடிதத்தில் எனக்கு உடன்பாடான இடமும் உண்டு. உலகத்தின் முடிவு மனிதன் கையில் இருப்பதுபோல் சிலர் பேசுவது எனக்கும் ஒவ்வாது. அந்த நாளைக் குறிப்பவர் பிதா ஒருவரே. ஆனால் ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் ஆதாமை அங்கே வைத்த கட்டளைக்கும் அந்த நாளுக்கும் சம்பந்தமில்லை. கடலோரத்து ஏழையின் நிலத்தில் உப்புநீர் ஏறும்போது, அவனுடைய அறுப்புதான் முதலில் ஒழிகிறது.

வாலிபர் கூட்டத்தில் இதைக் குறித்துப் பேசவிருப்பதாக எழுதியிருந்தாய். 8:22ஐ வாசிக்கிற அதே வேளையில் 45:6ஐயும் அவர்களுக்கு வாசித்துக் காட்டு. அதன்பின் அவர்கள் கேட்கும் கேள்விகளை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா